மாடியிலிருந்து வந்த வெந்நீர்

மொட்டை மாடிக் கதவில் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

நான் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றேன். எனக்கு நான்கைந்து படி கீழே இரண்டு ஆட்கள் ஒரு பெரிய வெள்ளை உருளையைத் தோளுக்கும் சுவருக்கும் நடுவே தாங்கியபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். உருளையைச் சுற்றிச் சணல் சாக்கு கட்டியிருந்தது. சாக்கு மணமும் புதுப் பெயிண்ட் மணமும் படிக்கட்டு முழுக்கப் பரவியிருந்தன. அவர்களுக்கும் கீழே, பைப்புகளைக் கட்டாகத் தோளில் வைத்துக்கொண்டு நயாஜ் பாய் நின்றிருந்தார். சிவாஜிநகர்க்காரர். பிளம்பர். அன்று வந்த கூட்டத்துக்கு அவர்தான் தலைவர்.

"க்யா அக்கா, சாவி இல்லியா?"

"இருக்கு பாய். மேல் வீட்ல இருக்கும். கேட்டு வாங்கிட்டு வரேன்."

சாவி மேல் வீட்டில் இல்லை. மேல் வீட்டுக்காரரின் சட்டைப் பையில் இருந்தது. அவர் காலையிலேயே பஸ் ஏறி அத்திபெலே போய்விட்டார். யாரோ நண்பர் வீட்டுக்குத் தளம் போடுகிறார்களாம், வந்து பார்க்கச் சொல்லியிருந்தார்களாம். எப்போது வருவார் என்று தெரியாது.

"இறக்கி வைங்கப்பா" என்றார் நயாஜ் பாய். உருளையைத் திருப்பத்தில் இறக்கி வைத்தார்கள். அது பாதி வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

அது தொண்ணூறுகளின் பின்பாதி. குளிர்காலம் முடிகிற சமயம். எங்கள் வீட்டுக்குச் சோலார் வெந்நீர் வந்த நாள் அது.

கீழ் வீடு, மேல் வீடு

பெங்களூரில் நீலசந்திராவை ஒட்டிய ஒரு தெருவில் எங்கள் வீடு. என் மாமனார் மைசூர் அரசாங்கக் காலத்துக் குமாஸ்தா. அவர் கட்டியது. கீழே நானும் என் கணவர் வாசுவும். மேலே வாசுவின் அண்ணன், என் மூத்தார் சுந்தரமூர்த்தியும் அவர் மனைவி சரோஜா அக்காவும். எங்கள் மகள் அப்போது ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் மகனுக்குப் பூனாவில் வேலை. ஆக, வீட்டில் நாலே பேர்.

நாலு பேரில் இரண்டு பேர் ஏழு வருஷமாகப் பேசிக்கொள்ளவில்லை.

இந்தத் தொடரில் இதுவரை அந்த விஷயத்தை நான் எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். போன மாதம் ஒரு வாசகி, "உங்கள் கணவரின் அண்ணன் என்று ஓரிடத்தில் வந்தாரே, அப்புறம் ஆளையே காணோமே" என்று கேட்டு எழுதியிருந்தார். அவர் கேட்டது நியாயம்தான். ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் எங்கள் வாழ்க்கையிலேயே அவர் ஆளைக் காணாமல்தான் இருந்தார்.

சோலார் வந்ததற்கு ஏழு வருஷம் முன்னால் என் மாமியாருக்குத் திடீரென்று வயிற்றுவலி வந்தது. குடலில் அடைப்பு என்றார்கள். வாசு அப்போது ராய்ச்சூரில். மின்சாரக் கருவிகளைப் பழுது பார்க்கும் கம்பெனியில் அவருக்கு வேலை, மாதத்தில் பாதி நாள் வெளியூர் சைட்டில்தான் இருப்பார். ஆஸ்பத்திரியில் உடனே ஆபரேஷன் என்றார்கள். அண்ணன் கையெழுத்துப் போட்டார். அத்தை இரண்டாம் நாள் போய்விட்டார். வாசு வந்து சேர்ந்தபோது கூடத்தில் விளக்கு ஏற்றி வைத்திருந்தது.

பதினாறாம் நாள் சாப்பாட்டில், உறவுக்காரர்கள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்கும்போது, வாசு அண்ணனைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"என்னை ஒரு வார்த்தை கேக்காம எங்கம்மாவை அறுக்கக் குடுத்துட்டே."

மூத்தார் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்து போனார். நான் ரசம் பரிமாறிக்கொண்டிருந்தேன். அந்த மூடிய இலையைத் தாண்டி அடுத்த இலைக்குப் போனேன்.

அப்புறம் வீடு பிரிந்தது. சண்டையெல்லாம் இல்லை, வக்கீல் எழுதியதில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். கீழ் வீடு தம்பிக்கு. மேல் வீடும் மொட்டை மாடியும் அண்ணனுக்கு.

பேச வேண்டியதெல்லாம் படிக்கட்டு வழியாக, என் மூலமாகவும் சரோஜா அக்கா மூலமாகவும்தான். "தண்ணித் தொட்டி கழுவறாங்களாம், நாளைக்குப் பிடிச்சு வெச்சுக்கோங்க." "கீழ சாக்கடை அடைச்சிருக்கு, ஆள் வரான்." அவர் சொன்னார், இவர் சொன்னார் என்றுகூட நாங்கள் சொல்லிக்கொள்வதில்லை. தகவல் தானாகவே படியிறங்கி வந்ததுபோல் சொல்வோம்.

ராடு

சோலார் எண்ணம் எங்களுக்கு வந்ததற்குக் காரணம் நான் வாங்கிய ஷாக்.

பெங்களூர்க் குளிர் இப்போது குறைந்துவிட்டது என்கிறார்கள். அப்போது டிசம்பர் காலைகளில் குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் விரல் எலும்பு வரை போகும். வேலூரிலிருந்து கல்யாணமாகி வந்த எனக்கு முதல் வருஷம் அது நம்ப முடியாத விஷயமாக இருந்தது. வேலூரில் வெந்நீர் என்பது காய்ச்சல்காரருக்கும் பிள்ளை பெற்றவளுக்கும்தான்.

நான் வந்தபோது இந்த வீட்டுக் குளியலறையில் ஒரு செப்பு ஹண்டே, வெந்நீர் அண்டா, பதித்திருந்தது. கீழே விறகு எரியும். விறகு, தேங்காய் மட்டை, பழைய காகிதம், என்ன கிடைத்தாலும் அது தின்னும். குளித்து வெளியே வந்தால் தலைமுடியில் சோப்பு வாசனையைவிடப் புகை வாசனைதான் அதிகமாக இருக்கும். வீடு பிரிந்த பிறகு ஹண்டேயைப் பெயர்த்து எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் வந்தது ராடு. பக்கெட்டில் தொங்கவிட்டு சுவிட்சைப் போடுகிற சுருள் கம்பி.

அதில் ஒரு விதி உண்டு. சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் தண்ணீரைத் தொட வேண்டும். விதி எல்லோருக்கும் தெரியும். அவசரத்தில் எல்லோரும் ஒரு விரலை முக்கிப் பார்ப்பதும் உண்டு. எத்தனையோ காலைகளில் நானும் முக்கிப் பார்த்திருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை.

அன்று ஆனது. யாரோ தோள்பட்டையில் கடப்பாரையால் அடித்தது போல் இருந்தது. அடுத்து எனக்கு ஞாபகம் இருப்பது, ஈரத் தரையில் கன்னம் பதிந்திருந்ததும் வாசுவின் வெறுங்கால்களும். அவர் பிளக்கைப் பிடுங்கி எறிந்திருந்தார். பக்கெட் கவிழ்ந்து வெதுவெதுப்பான தண்ணீர் என் புடவைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. குளிக்க நினைத்த தண்ணீர்தானே என்று ஒரு யோசனை வந்ததும் நினைவிருக்கிறது.

மூன்று நாள் வலது கை விரல்கள் மரத்துக் கிடந்தன. நான் ஓர் அரசுக் கல்லூரி நூலகத்தில் உதவியாளர். புதுப் புத்தகங்களுக்கு எண் எழுத வேண்டிய வேலை. எண்கள் கோணிக்கொண்டு போயின. அந்தப் புத்தகங்கள் இன்னும் அந்த அலமாரியில் இருந்தால், முதல் பக்கத்தில் என் ஷாக் இருக்கும்.

கருவிகளோடு பழகியவர் என்பதால் வாசு அதிர்ந்துபோனார். ஊருக்கெல்லாம் எர்த் சரி பார்க்கிறவர் தன் வீட்டுக் குளியலறையைப் பார்க்கவில்லை. ராடை இரண்டாக வளைத்துக் குப்பையில் போட்டார். அலுவலக நண்பர் ஒருவர் வீட்டு மாடியில் சோலார் வைத்திருப்பதைப் போய்ப் பார்த்து வந்தார். கரண்ட் இல்லாமல் வெயிலிலேயே காய்கிறது, ராத்திரி முழுக்கச் சூடு குறையாமல் நிற்கிறது என்று சாப்பிடும்போது சொன்னார். சொல்லிவிட்டு, "ஆனா நமக்குத்தான் மாடி இல்லையே" என்றார்.

மறுநாள் நான் படியேறிப் போய் சரோஜா அக்காவிடம் சொன்னேன். மாடியில் ஒரு மூலை போதும், பைப் சுவரோரமாக இறங்கிவிடும்.

இரண்டு நாள் கழித்து அக்கா இறங்கி வந்தார்.

"கேட்டேன் கமலா. ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணும் சொல்லலன்னா என்னக்கா அர்த்தம்?"

"வேணாம்னா வேணாம்னு சொல்லிடுவாரு. ஒண்ணும் சொல்லலன்னா செய்யலாம்னுதான் அர்த்தம். இருபத்தஞ்சு வருஷமா பாக்கறேன்ல."

இவ்வளவுதான் எங்களுக்குக் கிடைத்த அனுமதி. இதை நம்பித்தான் வாசு ஆர்டர் கொடுத்தார். சாமான் வருகிற நாளில், "நீ லீவு போடு, எனக்கு வேலை இருக்கு" என்று கிளம்பிப் போய்விட்டார். வேலை ஒன்றும் இருந்திருக்காது.

சுத்தியல்

பதினோரு மணி ஆயிற்று. நயாஜ் பாய் படியில் உட்கார்ந்து பீடியைப் பற்ற வைத்தார்.

"அக்கா, டெம்போக்காரன் கீளே ஹாரன் அடிக்கிறான். இன்னிக்கு முடிக்கலேன்னா சாமான் திரும்பப் போய்டும். அப்றம் மறுபடி எப்போ அனுப்புவாங்கோன்னு அல்லாவுக்குத்தான் தெரியும்."

"கொஞ்சம் இருங்க பாய். வந்துடுவாரு."

வருவாரா என்று எனக்குத் தெரியவில்லை. சாவியை மறந்து எடுத்துப் போனாரா, மறக்காமல் எடுத்துப் போனாரா? அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது.

சரோஜா அக்கா தன் வீட்டு வாசலில் நின்று, வழியை அடைத்துக் கிடந்த உருளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்பப் பேசாத மனுஷி. மூத்தார் பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்தபோது ஊர் ஊராகப் போனவர். சாமான் கட்டவும் அவிழ்க்கவும் பழகியவர். எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டார்.

"இதுல எத்தனை பேருக்குத் தண்ணி காயும்?" என்று நயாஜ் பாயைக் கேட்டார்.

"நூறு லிட்டர் அக்கா. ரெண்டு பேர், மூணு பேர் குளிக்கலாம்."

"எங்க பாத்ரூம் சுவர் வழியாத்தானே பைப் கீழ போவுது?"

"ஆமா. ஒரே லைன்."

"அதுல எங்களுக்கு ஒரு குழாய் வைக்க முடியுமா?"

நயாஜ் பாய் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா தன் வலது கால் புடவையைச் சற்று உயர்த்திக் காட்டினார். கணுக்காலிலிருந்து பாதம் வரை தோல் சுருங்கி, வேறு நிறமாக இருந்தது.

"போன வருஷம் கொட்டிக்கிட்டேன். அவருக்கு விடியக்காலைல குளிக்கணும். கேஸ்ல காய வெச்சு சமையல் ரூம்லேர்ந்து பாத்ரூமுக்குத் தூக்கிட்டுப் போவேன். மணிக்கட்டு முன்ன மாதிரி இல்ல. பாத்திரம் வழுக்கிடுச்சு."

"எங்கிட்ட சொல்லவே இல்லியேக்கா?"

"என்னன்னு சொல்றது? அவர் பக்கெட்டைத் தூக்கினேன்னு கீழ வீட்ல வந்து சொல்றதா?"

என் தலைக்கு மேலேயே நடந்திருக்கிறது. பாத்திரம் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டிருக்க வேண்டும். ஏதோ சாமான் விழுந்தது என்று நினைத்திருப்பேன்.

"வைக்கலாம் அக்கா" என்றார் நயாஜ் பாய். "பைப்பு ரெண்டாப் பிரியற மாதிரி ஒரு டி ஜாயின்ட் போட்டா போதும். மொதல்ல கதவு தெறக்கணும்."

"உடைங்க."

"நானா? பூட்டு உடைக்கறது நம்ம வேலை இல்ல அக்கா. நாளைக்கு ஐயா வந்து கேட்டா?"

அக்கா குனிந்து, பாயின் சாக்குப் பையில் கையை விட்டுச் சுத்தியலை எடுத்தார். உருளைக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்து நுழைந்து மேலே ஏறினார். நான் பின்னால் போனேன்.

முதல் அடி கதவில் பட்டது. இரண்டாவது பூட்டில் பட்டு வழுக்கியது. அக்கா சுத்தியலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மணிக்கட்டு வலித்திருக்கும். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது அடியிலோ நாலாவதிலோ பூட்டின் வளையம் தெறித்துவிட்டது.

"என் வீட்டுப் பூட்டு" என்றார், யாரும் கேட்காமலே. சுத்தியலைப் புடவைத் தலைப்பால் துடைத்து நயாஜ் பாயிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, எல்லோருக்கும் டீ போட உள்ளே போனார்.

தெற்கு எது?

மூத்தார் மூன்று மணிக்கு மேல் வந்தார். அதற்குள் இரும்புச் சட்டத்தை நிறுத்தி, கண்ணாடிப் பேனலைச் சாய்த்து வைத்து, உருளையை அதன் தலைமேல் ஏற்றியாகிவிட்டது. ஓர் ஆள் தரையில் துளை போட டிரில்லைக் கையில் எடுத்திருந்தான்.

அவர் செருப்புச் சத்தம் படியில் கேட்டது. பூட்டு கிடந்த இடத்தில் சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

நான் துணி காயும் கம்பிக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். ஏழு வருஷமாக அவர் எதிரே வந்தால் அப்படி ஒதுங்கித்தான் பழக்கம்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. சரோஜா அக்காவையும் பார்க்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தார். வெயிலைப் பார்த்தார். அப்புறம் டிரில்லைப் பார்த்தார்.

"யார்ரீ இதன்ன இட்டித்து?" என்று கன்னடத்தில் கேட்டார். இதை யார் இங்கே வைத்தது என்று.

நயாஜ் பாய் எழுந்து நின்றார். "நான்தான் சார். தெக்கு பாத்து வெச்சிருக்கேன்."

"இதா தெக்கு? தெக்கு அங்க இருக்கு. இது பாதி மேக்கு. அதோ, பக்கத்து வீட்டுத் தென்னை மரம். நாலு மணிக்கு அதோட நிழல் எங்க விழும் தெரியுமா? இதே இடத்துல." காலால் தரையில் ஒரு கோடு இழுத்தார். "அந்த மூலைக்குத் தள்ளு."

"சார், தூக்கி வெச்சாச்சு…"

"எறக்கு. அப்புறம் அந்த மெஷினைக் கீழ வை. தளத்துல ஓட்டை போடறியா? ஆறு மாசத்துல ஒழுகும். எங்க ஒழுகும்? என் தலைல. தரையைத் தொடாம, மேல மேடை கட்டி அதுல கால் நிறுத்து. சிமெண்ட் இருக்கா?"

"இல்ல சார்."

"நான் தரேன்."

மாடி அறையிலிருந்து பாதி மூட்டை சிமெண்டை அவரே இழுத்துக்கொண்டு வந்தார். மணல் எங்கேயோ கிடந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாலு சின்ன மேடைகளுக்கும் நூல் பிடித்தார். மட்டம் பார்க்கக் குழாயில் தண்ணீர் ஊற்றி இரண்டு பக்கமும் பிடிக்கச் சொன்னார். ஆட்கள் முதலில் முணுமுணுத்தார்கள், அப்புறம் சார் சார் என்றார்கள். வேலை பார்க்கும்போது அவர் ரொம்ப இளமையாகத் தெரிந்தார்.

அன்று முடியவில்லை. சிமெண்ட் இறுகட்டும் என்று இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். டெம்போக்காரன் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு எப்போதோ போயிருந்தான்.

கிளம்பும் முன் நயாஜ் பாய் தயங்கித் தயங்கிக் கேட்டார். "சார், உங்க பாத்ரூமுக்கு டி போடணுமா, வேணாமா? அக்கா சொன்னாங்கோ."

மூத்தார் அக்காவின் காலைப் பார்த்தார். அந்தக் காலை அவர் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.

"போடு" என்றார். "வால்வும் சேத்துப் போடு."

பூட்டைப் பற்றி அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. அந்த வாரமே புதுப் பூட்டு ஒன்று வந்தது. அதன் சாவி மாடிக் கதவுக்குப் பக்கத்திலேயே ஓர் ஆணியில் தொங்கியது. அப்படியானால் பூட்டு எதற்கு என்று வாசு கேட்டார், என்னிடம்.

எத்தனை பக்கெட்டு?

வெந்நீர் வந்தது. முதல் நாள் குழாயைத் திறந்ததும் சாதாரணத் தண்ணீர்தான் கொஞ்ச நேரம் ஓடியது. ஏமாந்துவிட்டோம் என்று நினைத்தேன். பிறகு குழாயே சூடேறியது. ஆவி வந்தது. கையைக் கீழே நீட்டிவிட்டு உடனே இழுத்துக்கொண்டேன், ராடு ஞாபகத்தில்.

மழை மூட்டம் கட்டிய ஆகஸ்ட்டில் மேலேயும் கீழேயும் பச்சைத் தண்ணீர்தான். அப்போது பிரச்சினை வரவில்லை. இல்லாததற்கு யாரும் சண்டை போட முடியாதே. பிரச்சினை டிசம்பரில் வந்தது.

நூறு லிட்டர் என்பது எங்கள் இருவருக்காக வாங்கியது. மூத்தார் விடியற்காலையில் குளிப்பவர். வாசு ஆறரைக்கு. ஒரு காலை நான் அடுப்பில் குக்கர் வைத்துவிட்டு நிற்கிறேன், குளியலறையிலிருந்து ஒரு கத்தல். தலையில் ஷாம்பூ போட்ட நிலையில் வெந்நீர் நின்று பச்சைத் தண்ணீர் வந்துவிட்டது.

கீழ்க் குளியலறை ஜன்னலும் மேல் குளியலறை ஜன்னலும் ஒரே காற்றுச் சந்தில் திறப்பவை. வாசு அந்த ஜன்னலில் வாயை வைத்து மேல்நோக்கிக் கத்தினார்.

"எல்லாத்தையும் மேலயே ஊத்திக்கிட்டா கீழ மனுஷன் குளிக்க வேணாமா?"

நான் கரண்டியோடு நின்றேன். மேலே ஒரு ஜன்னல் கதவு திறந்தது.

"நீ எத்தனை பக்கெட்டுடா ஊத்துவே?"

"ரெண்டே ரெண்டு!"

"நேத்து சாயங்காலமும் தண்ணி ஓடிச்சே? அது யாரு?"

"அது கால் கழுவினது!"

"கால் கழுவ வெந்நீரா? எந்த ஊர் மகாராஜாடா நீ?"

ஏழு வருஷத்துக்கு மேல் ஆனபின் அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டது இதுதான். குக்கர் விசில் அடித்தது, நான் அணைக்கவில்லை. படிக்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தேன். மேல் திருப்பத்தில் சரோஜா அக்கா வாயைத் தலைப்பால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று அங்கிருந்து தெரியவில்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் எங்கள் கதவுக்கடியில் ஒரு காகிதம் கிடந்தது. பழைய காலண்டர் தாளின் பின்பக்கம், ஓவர்சியர்கள் வரைபடத்தில் எழுதுவார்களே, அந்த மாதிரி நேர்க்கோட்டு எழுத்தில்: ஐந்து முதல் ஐந்தரை மேல் வீடு. ஐந்தரை முதல் ஆறரை கீழ் வீடு. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியல், ஒரு வாரம் மேல், ஒரு வாரம் கீழ். வால்வைத் திருகி மூட வேண்டியது அவரவர் பொறுப்பு.

"தாசில்தார் உத்தரவு மாதிரி இருக்கு" என்றார் வாசு. ஆனால் அதைக் குளியலறைக் கதவில் ஒட்டினார். அடுத்த நாளிலிருந்து ஐந்தரைக்கே எழுந்தார்.

அதன் பிறகு அவர்கள் பேசினார்கள். தண்ணீர் பற்றி மட்டும். "இன்னிக்குச் சூடு கம்மி." "வெயில் இல்ல." "வால்வு சொட்டுது." "வாஷர் மாத்தணும்." கொஞ்ச காலம் போய் மேகம் பற்றியும், அதற்கப்புறம் மேட்ச் பற்றியும். எல்லாம் ஜன்னல் வழியாகவோ படிக்கட்டிலோதான். ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் போனதில்லை.

கண்ணாடி துடைத்த ஞாயிறு

பேனல் கண்ணாடியில் தூசி படிந்தால் சூடு குறையும். மாதம் ஒருமுறை மூத்தார்தான் துடைப்பார். புது நூற்றாண்டு பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆனபின், அவருக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் நடந்தது. குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்றார்கள். சரோஜா அக்கா என்னிடம் சொன்னார். நான் வாசுவிடம் சொன்னேன்.

அந்த ஞாயிறு வாசு பக்கெட்டும் பழைய பனியனும் எடுத்துக்கொண்டு மேலே போனார். நான் துணி காயப்போடப் பின்னாலேயே போனேன். மூத்தார் ஏற்கெனவே அங்கே நாற்காலி போட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், மேற்பார்வைக்கு.

வெயில் ஏறாத நேரம். கண்ணாடி மேல் காக்கை எச்சமும் பொடி மண்ணும். வாசு ஈரத் துணியால் மேலிருந்து கீழாக இழுத்தார்.

"மூலையை விட்டுட்டே."

"வரேன் வரேன்."

நான் போர்வையை உதறிக் கம்பியில் போட்டேன். அதற்குப் பின்னால் அவர்களுக்கு நான் தெரிய மாட்டேன். நான் இருப்பது இருவருக்கும் தெரியும்.

மூத்தார், இன்றைக்குச் சூடு கம்மி என்று சொல்கிற அதே குரலில் ஆரம்பித்தார்.

"என் கண்ணுக்கு நானே கையெழுத்துப் போட்டேன். பேனாவைப் பிடிச்சா கை ஓடல. அம்மாவுக்குப் போட்டது ஞாபகம் வந்துடுச்சு."

வாசு துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சாயங்காலத்துக்குள்ள பண்ணலேன்னா தாங்காதுன்னாங்கடா. உன் சைட்டுக்கு ட்ரங்க் கால் போட்டேன். ரெண்டு தடவை. யாரோ எடுத்தான், கூப்பிடறேன்னான். ஒரு மணி நேரம் பார்த்தேன். அப்புறம் கையெழுத்துப் போட்டேன்."

கண்ணாடியில் துணி கீச்சென்று ஒரு சத்தம் எழுப்பி நின்றது.

"தெரியும்" என்றார் வாசு.

"என்ன தெரியும்?"

"நீ போன் பண்ணது. காரியமெல்லாம் முடிஞ்சு நான் திரும்ப ராய்ச்சூர் போனேன்ல, அன்னிக்கே அந்த வாட்ச்மேன் வந்து அழுதான். ரெண்டு தடவை கால் வந்துச்சு சார், நான்தான் உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன்னு."

நான் போர்வையின் ஓரத்தைப் பிடித்தபடியே நின்றேன். ராய்ச்சூரிலிருந்து அந்த முறை அவர் திரும்பி வந்த நாள் எனக்கு நினைவிருந்தது. சாப்பிடாமல் படுத்தார், பஸ் அலுப்பு என்றார். அதற்குப் பின் இத்தனை வருஷம் ஒரே வீட்டில், ஒரே பாயில். அவர் அண்ணன் மேல் கோபமாக இருக்கிறார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரும் அப்படித்தான் நினைத்தது. மூத்தாரும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

"அப்போவே தெரியுமா உனக்கு?"

"ம்."

"தெரிஞ்சுமாடா…"

"அத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டேன். நீ இலையை மூடிட்டுப் போயிட்டே. உன்கிட்ட வந்து என்னன்னு சொல்றது? வரணும்னுதான் நெனைப்பேன். படி வரைக்கும் வருவேன். ஏற முடியல."

மூத்தார் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கழற்றக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாற்காலியிலிருந்து எழுந்து, பேனலின் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு, தம்பியின் கையிலிருந்த ஈரத் துணியை வாங்கினார்.

"பதினெட்டு படிதானேடா" என்றார்.